செவ்வாயா, புதனா

மூக்கு அரித்தது. அதுவும் சரியாக இடது ஓரத்தில், முகக்கவசத்தின் கம்பி அழுத்துகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே. அமலோற்பவத்துக்கு இது பழகிப்போன தொல்லைதான். அந்த வெள்ளை உடுப்புக்குள் நுழைந்து, ஜிப்பை இழுத்து, ஜிப்பின் மேல் டேப்பை ஒட்டி, இரண்டாவது ஜோடி கையுறையையும் மாட்டி முடித்த அடுத்த நிமிடம் எங்கிருந்தோ வந்துவிடும். இருபத்தாறு வருஷ நர்ஸ் வேலையில் மூக்கு இப்படி அரித்ததே இல்லை. கை வைக்க முடியாது என்று தெரிந்துகொண்டு அரிக்கிற மூக்கு; இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது. எட்டு மணிக்கு உள்ளே வந்தாள். இப்போது ஒன்பதே முக்கால், அல்லது பத்தே முக்கால். கண்ணாடிக்குள் ஆவி படிந்து கடிகாரத்தின் சின்ன முள் தெரியவில்லை. இரண்டு மணி வரை தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. உட்காரலாம், ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. முதுகில் வியர்வை இறங்கி இடுப்பில் தேங்குவது தெரிந்தது. உடுப்புக்குள் இருப்பது யார் என்று தெரியவேண்டும் என்பதற்காக எல்லோரும் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வார்கள். அவளுடைய பெயர் முழுசாக அடங்காது, அமலோ என்றதோடு நிறுத்திவிடுவார்கள். அப்பா ஆசையாக வைத்த பெயரில் பாதிக்குத்தான் தினமும் வார்டுக்குள் வர அனுமதி. வீட்டுக்குப் போக அதுவும் இல்லை. பதினெட்டு நாளாக எதிர் லாட்ஜில் ஓர் அறை, காலையில் இட்லி, ராத்திரி இட்லி, இடையில் மகள் ஜெனியின் போன். ஜெனி பிளஸ் டூ. அப்பா செய்கிற ரசத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவாள், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்கமாட்டாள், கேட்காமல் இருப்பதே கேட்கிற மாதிரி இருக்கும். போதும், இதை இப்போது நினைக்க வேண்டாம். வேறு எதை நினைக்கலாம் என்று தேடுவதற்குள் மனசு மறுபடியும் அங்கேயே போய் நின்றுவிட்டது. செவ்வாயா, புதனா.

இது முன்பு கண் வார்டு. காய்ச்சல் மாவட்டத்துக்குள் வந்த முதல் வாரத்திலேயே கண் ஆபரேஷனுக்கு வந்தவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆறு கட்டில்களையும் எட்ட எட்டத் தள்ளிப்போட்டு, வாசலில் மஞ்சள் கோடு ஒன்றை இழுத்து, தனி வார்டு என்று எழுதிவிட்டார்கள். எழுத்து வாசிக்கச் சொல்லும் பலகையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, அது பாட்டுக்குச் சுவரில் தொங்கியது. மாவட்டத்துக்கே இதுவரை நாலு நோயாளிகள். பெண்கள் இரண்டு பேர் அடுத்த கட்டடத்தில். ஆண்கள் இரண்டு பேர் இங்கே. ஒருவர் கோட்டைச்சாமி, ஐம்பத்தைந்து வயது, பினாங்கில் ஓட்டல் சமையல்காரர், மகளின் தலைப்பிரசவத்துக்கென்று ஊர் திரும்பியவர். இன்னொருவர் தண்ணீர்மலை, அறுபத்தெட்டு வயது, சிங்கப்பூரில் மகன் வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தவர், சர்க்கரை உண்டு. ஒன்பது மணிக்கு வெளியிலிருந்து டாக்டர் இளம்பரிதி இன்டர்காமில் கூப்பிட்டார். பாவம் சின்னப் பையன் மாதிரி இருப்பார், குரல் மட்டும் இந்த மூன்று வாரத்தில் கிழவனாகிவிட்டது. "சிஸ்டர், புதன்கிழமை சாம்பிள் ரிசல்ட் வந்திருச்சு. கோட்டைச்சாமிக்கு நெகட்டிவ். பெரியவருக்கு இன்னும் பாசிட்டிவ்தான். பன்னெண்டு மணிக்குக் கோட்டைச்சாமிய அனுப்புறோம். மாவட்டத்துல முதல் டிஸ்சார்ஜ், வாசல்ல எல்லாரும் நின்னு கை தட்டணும்னு சொல்லியிருக்காங்க. பழக்கூடைகூட வந்தாச்சு. ரெடி பண்ணிருங்க." அவள் போய்ச் சொன்னாள். கோட்டைச்சாமி இரண்டு கையையும் ஒரு தடவை தட்டிவிட்டு, ஜன்னலோரத்து இரண்டாம் நம்பர் கட்டிலில் அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்து லுங்கியை மடிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அவளுக்குள் ஏதோ தட்டியது. மடிக்கிற கையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், கட்டிலின் தலைமாட்டில் பெயிண்டால் எழுதிய இரண்டு என்ற எண்ணைப் பார்த்தாள். லிஸ்டில் கோட்டைச்சாமிக்கு ஐந்தாம் நம்பர்.

ஐந்தாம் நம்பர் பாத்ரூம் ஓரம். சேர்த்த நாளில் கோட்டைச்சாமிக்கு அதைத்தான் கொடுத்தார்கள், ஜன்னலோரத்து இரண்டு பெரியவருக்கு. பெரியவர் ஒரு ராத்திரிக்கு ஆறு தடவை எழுந்து அறையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடப்பதைப் பார்த்துவிட்டுக் கோட்டைச்சாமிதான், "ஐயா, நீங்க இங்கிட்டு வந்துருங்க, நான் அங்கிட்டுப் போயிர்றேன்" என்று கட்டிலை மாற்றிக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. கேட்க யார் இருந்தார்கள். அவள் பார்த்தது நேற்று, வியாழக்கிழமை காலையில். "அட, இடம் மாறியாச்சா" என்றாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், நல்ல மனுஷன் என்று கோட்டைச்சாமியைப் பற்றி நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். லிஸ்டைத் திருத்தவேண்டும் என்று தோன்றவில்லை. லிஸ்ட் வெளியே இருக்கிறது. உள்ளே போன காகிதம் வெளியே வரக்கூடாது என்பதால் கேஸ் ஷீட், லிஸ்ட், பேனா எல்லாமே கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். சாம்பிள் டியூபில் பெயர் எழுதி ஒட்டுவதும் வெளியேதான். புதன்கிழமைக்கான டியூபில் செவ்வாய்க்கிழமை மத்தியானமே அவள்தான் எழுதி ஒட்டினாள், தன் கையால், நல்ல உருண்டை எழுத்தில். 2, தண்ணீர்மலை. 5, கோட்டைச்சாமி. புதன்கிழமை காலையில் லேப் டெக்னீஷியன் வந்தான். அவனும் உடுப்புக்குள், அவளும் உடுப்புக்குள், அவன் பேசுவது அவளுக்குப் பாதி கேட்காது, அவள் பேசுவது அவனுக்குக் கேட்கவே கேட்காது. அதனால் இந்த வார்டில் பெயர் சொல்லும் பழக்கம் போய் விரல் காட்டும் பழக்கம் வந்துவிட்டது. அவன் இரண்டு விரல் காட்டினான், அவள் இரண்டாம் நம்பர் டியூபை நீட்டினாள். ஐந்து விரல் காட்டினான், ஐந்தாம் நம்பரை நீட்டினாள். கட்டிலில் இருந்தவர்கள் வாயை ஆவென்று திறந்துகொண்டு கூரையைப் பார்த்திருந்தார்கள். வாயைத் திறந்தால் எல்லா மனுஷனும் ஒன்றுதான். கட்டில் மாறியது புதன்கிழமை சாம்பிள் எடுத்த பிறகு என்றால் ஒரு பிழையும் இல்லை, கோட்டைச்சாமி வீட்டுக்குப் போகலாம். செவ்வாய்க்கிழமை ராத்திரியே மாறியிருந்தால், கோட்டைச்சாமியின் பெயர் எழுதிய டியூபில் இருந்தது பெரியவருடைய தொண்டை. பெரியவருடைய பெயரில் பாசிட்டிவ் என்று வந்தது இந்தக் கோட்டைச்சாமி. இப்போது லுங்கியை மடித்து, பனியனை மடித்து, விசில் மாதிரி ஏதோ ஊதிக்கொண்டிருக்கிற இந்தக் கோட்டைச்சாமி. வீட்டில் நிறைமாசமாக இருக்கிறவள் நாகஜோதி. அவளுக்கு அம்மா இல்லை. மாப்பிள்ளை திருப்பூரில், பஸ் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஒரே அறை வீடு, ஒரே பாத்ரூம். அப்பா போனதும் கட்டிப்பிடித்துக்கொள்வாள்.

கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். அண்ணே, நீங்க எப்ப கட்டில் மாத்துனீங்க. எட்டு வயசுக் குழந்தைகூடக் கேட்டுவிடும் இந்தக் கேள்வியை. அதைக் கேட்காமல் அவள் ஒன்றரை மணி நேரமாக வார்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். காலியாகக் கிடந்த நாலு கட்டில்களின் கம்பிகளைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். செவ்வாயாக இருக்காது, இருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே, புதன்கிழமை காலையில் நான் இங்கேதானே இருந்தேன், கண்ணுக்கு முன்னால் ஆள் மாறியிருந்தால் தெரியாதா. தெரியாது. அதுதான் பயமே. புதன்கிழமையிலிருந்து ஒரு முகம்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை. நாட்கள் எல்லாம் ஒரே நாளாக ஒட்டிக்கொண்டுவிட்டன, பிரித்தால் கிழியும் போல. ஒருநாள் கண்ணாடியின் வார் அறுந்தது, அது எந்த நாள். ஒருநாள் உடுப்பின் கைப்பகுதி எதிலோ மாட்டிக் கிழிந்து உயிரே போய்விட்டது, பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு வேலையை முடித்தாள், லாட்ஜுக்குப் போய்க் குளித்துவிட்டு அந்த முழங்கையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அது எந்த நாள். ஒருநாள் அடுத்த கட்டடத்துப் பெண் ஒருத்தி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அழுதாள், அது முதல் வாரம். எதற்கும் தேதி இல்லை. இன்னொரு சாம்பிள் எடுத்துப் பார்க்கலாம் டாக்டர் என்று சும்மா சொல்லிப் பார்த்தால் என்ன. ஏன் என்பார். டியூப் மருத்துவக் கல்லூரியிலிருந்து எண்ணி வருகிறது, ஒன்றுக்குக் காரணம் எழுதாமல் வாங்க முடியாது. காரணம் என்ன எழுதுவது. சந்தேகம் என்றா. யார் மேல் சந்தேகம் என்பார்கள். என் மேல். அங்கே போய் முடியும் அது, எப்படித் திருப்பினாலும். விக்டோரியாவுக்கு அப்படித்தான் முடிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி, வேறு ஊர் ஆஸ்பத்திரி, இரண்டு பேரும் ஒரே வார்டு. ஏற்றுவதற்கு முன்னால் ரத்தப் பையில் வேறு பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, நான்தான் மாற்றி எடுத்து வந்துவிட்டேன் என்று விக்டோரியா தன் வாயாலேயே சொன்னாள். ஒரு சொட்டுகூட ஏறவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெமோ வந்தது. விசாரணை வந்தது. ஆறு மாதத்தில் மலைமேல் இருக்கிற ஒரு சுகாதார நிலையத்துக்குத் தூக்கி அடித்தார்கள், கைக்குழந்தையோடு போனாள். பஸ் ஏற்றிவிடப் போன அமலோற்பவத்திடம், "பேசாம இருந்திருக்கலாம்டி" என்றாள் விக்டோரியா. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அமலோற்பவம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள், இந்தப் பன்னிரண்டு வருஷமாக. வருகிற ஜூனில் ஹெட் நர்ஸ் பதவி உயர்வு. ஜெனிக்குக் காலேஜ். இப்போது போய் மலைமேல். வெட்கமாக இருந்தது அவளுக்கு. ஒரு பிள்ளைத்தாச்சியின் உயிரைப் பற்றி நினைக்க ஆரம்பித்து மலைமேல் குளிருமே என்பதில் வந்து நிற்கிறது புத்தி. ஆனாலும் அங்கேதான் நின்றது.

பெரியவருக்குப் பத்தரைக்கு பிளட் பிரஷர் பார்க்கவேண்டும். பட்டையைக் கையில் சுற்றும்போது அவர் கண்ணை மூடியே வைத்திருந்தார். ரிசல்ட்டைச் சொன்னபோது, "சரி ஆத்தா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பியவர்தான். ஒல்லியான கை, நரம்பெல்லாம் தெரிந்தது. இந்த மனுஷன் சிங்கப்பூரிலிருக்கும் மகனுக்கு இன்னும் பாசிட்டிவாம் என்று சொல்லியிருப்பார், மகன் அங்கே ஓர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அழுதிருப்பான். ஒருவேளை இவருக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஒன்றுமே இல்லாதவருக்குக் காலையில் மறுபடியும் அந்தக் கசப்பு மாத்திரையைக் கொடுத்தேன், ஒன்றுமே இல்லாதவர் நோய்க்காரனோடு ஒரே அறையில் படுத்திருக்கிறார். "ஐயா" என்றாள். உடுப்புக்குள்ளிருந்து வரும் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருக்கும். "நீங்க இந்தக் கட்டிலுக்கு வந்து எத்தனை நாளாச்சுங்கய்யா." கேட்டுவிட்டாள். நேராகக் கேட்கவில்லை, வளைத்துக் கேட்டாள், கேட்கவேண்டியவரிடமும் கேட்கவில்லை. பெரியவர் கண்ணைத் திறந்தார். "எனக்கு இங்கன எல்லா நாளும் ஒரே நாளுதான் ஆத்தா. விடியுது, ஊசி போடுறீக, இருட்டுது. அந்தத் தம்பி புண்ணியத்துல நடை மிச்சம். எத்தனை நாளுன்னு எண்ணல." பிறகு, "அவுக போயிட்டா நான் ஒண்டியாவா இங்கன கெடக்கணும்?" என்று கேட்டார். பிரஷர் நூற்று நாற்பது. பட்டையைக் கழற்றினாள். சுற்றி மடித்தாள். சரியாக மடியவில்லை, மறுபடியும் பிரித்து மடித்தாள்.

கோட்டைச்சாமி குளித்துவிட்டு வந்தார். பினாங்கிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருந்தது. கையிலிருந்த ஒரே நல்ல சட்டை, ஆரஞ்சு கலர், அதைப் போட்டிருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன. "எப்படி இருக்கேன் சிஸ்டர்? மாப்பிள மாதிரி இருக்கேனா?" என்றார். "இருக்கீங்கண்ணே" என்றாள். "மக நாலு தடவ கூப்புட்டுட்டா. வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்துருக்காளாம். எந்திரிச்சு உள்ள போடின்னா கேக்க மாட்டேங்குறா. தேதி அடுத்த வாரம் சொல்லியிருக்காக, ஆனா அவ ஆத்தாவுக்கு இவ முன்னாடியே பொறந்துட்டா, அதான் எனக்குப் பக்குன்னு இருந்துச்சு. நல்லவேள, ஆண்டவன் கண்ணத் தொறந்தான்." அவள் தலையாட்டினாள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் வாசலில் இரண்டு நர்ஸுகள் நாற்காலிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு மேசைமேல் மஞ்சள் காகிதம் சுற்றிய பழக்கூடை. ஒரு கேமராக்காரர் வெயிலுக்கு ஒதுங்கி நின்றார். இப்போது கேட்காவிட்டால் இனிமேல் கேட்க முடியாது. கேட்டாள். நாக்கு வறண்டிருந்ததால் முதல் தடவை சத்தம் வரவில்லை, மறுபடியும் கேட்டாள். "அண்ணே, நீங்களும் ஐயாவும் கட்டில் மாத்திக்கிட்டது என்னைக்கு? சாம்பிள் எடுக்க வந்தாங்களே, அதுக்கு முன்னாடியா, அப்புறமா?" சமையல்காரர்களுக்கு மனக்கணக்கு தெரியும், எது எப்போது வேகும் என்று ஒரு பார்வையில் தெரியும். கோட்டைச்சாமி அவளைப் பார்த்தார். கட்டிலின் தலைமாட்டில் இருந்த எண்ணைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் படுத்திருந்த பெரியவரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணிலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சட்டையின் மேல் பட்டனைத் தொட்டார், அது சரியாகத்தான் போட்டிருந்தது. "அப்புறந்தான் சிஸ்டர்" என்றார். "புதன்கிழம. சாயங்காலம்."

கேட்டுக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. சொல்லிவிட்டார். அவரே சொல்லிவிட்டார், நான் கேட்டேன், அவர் சொன்னார், இதற்கு மேல் ஒரு நர்ஸ் என்ன செய்ய முடியும். ஸ்டூலில் உட்கார்ந்தாள். புதன்கிழமை சாயங்காலம். சாயங்கால ஷிப்டில் நான் இல்லை, அதனால்தான் தெரியவில்லை, வியாழக்கிழமை காலையில் பார்த்தேன், பொருந்துகிறது. அழகாகப் பொருந்துகிறது. இனிமேல் லாட்ஜுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வரும். ஜெனியைக் கூப்பிட்டு அப்பா வைத்த ரசம் எப்படி என்று கேட்கலாம். பிறகு ஏன் அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாலு தடவை கூப்பிட்ட மகளை ஐந்தாம் தடவை இவரே கூப்பிட்டிருக்கவேண்டுமே, கிளம்பிட்டேன்னு சொல்லியிருக்கவேண்டுமே, போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு ஏன் இப்படி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது எனக்கு வேண்டாம். பொருந்திவிட்டது, விட்டுவிடு. முழங்கையில் வியர்வை ஊறியது, அங்கேயும் அரித்தது. சொறிய முடியாமல் துணிமேலேயே தேய்த்தாள். தேய்க்கும்போது கிழிந்த நாளின் ஞாபகம் வந்தது. இந்தக் கைதான். பெரியவருக்குக் காலை ஊசி போடக் குனிந்தபோது பாத்ரூம் கதவின் கொக்கியில் மாட்டிச் சர்ரென்று கிழிந்தது. பாத்ரூம் கதவு. ஐந்தாம் நம்பர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், போய்விட்டு வருகிற வழியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து அங்கேயே ஊசியைப் போட்டாள். ஊசித் தட்டை வைக்க இடம் தேடியபோது ஸ்டூலில் அவருடைய சிங்கப்பூர் பிளாஸ்க் இருந்தது, மூக்குக் கண்ணாடி இருந்தது, அதையெல்லாம் தள்ளிவிட்டுத்தான் தட்டை வைத்தாள். வழியில் உட்கார்ந்தவர் பிளாஸ்கையா தூக்கிக்கொண்டு வருவார். குடி வந்துவிட்டார். அது வியாழக்கிழமையாக இருக்கட்டும், ஆண்டவரே, அது வியாழக்கிழமையாக இருக்கட்டும். கிழிசல்மேல் வெள்ளை பிளாஸ்டரைக் குறுக்கே ஒட்டினாள், ஒற்றைக் கையால் ஒட்டியதால் கோணலாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கோணல் பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டு அன்றைக்கு வேலை செய்தாள், வேறு எதையும் பார்க்கவில்லை, நோயாளியையோ கட்டிலையோ எதையும். அந்தக் கை டியூபை நீட்டியது. உருண்டை எழுத்தில் அவள் எழுதிய பெயர், அதைப் பிடித்திருந்த கையுறை, அதற்கு ஒரு சாண் மேலே கோணல் பிளாஸ்டர். மூன்றும் ஒரே பார்வையில் இருந்தன. உடுப்பு ஒரு நாளைக்குத்தான், மத்தியானம் கழற்றினால் குப்பைக்குப் போய்விடும். பிளாஸ்டர் ஒட்டிய கை ஒரே ஒரு காலையில்தான் இருந்தது, அந்தக் காலையில்தான் அது டியூபை நீட்டியது. புதன்கிழமை காலையில் சாம்பிள் எடுக்க வருவதற்கு முன்னாலேயே பெரியவர் அந்தக் கட்டிலில் இருந்தார்.

எழுந்தாள். எழுந்திருக்க மனசு வரவில்லைதான், எழுந்தாள். கோட்டைச்சாமி பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணே. செவ்வாய்க்கிழமதான."

அவர் நிமிரவில்லை. கீழே யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு இருமல்கூட இல்ல சிஸ்டர்" என்றார். "காய்ச்சல் விட்டு பதினஞ்சு நாளாச்சு. நான் வீட்டுக்குள்ளயே போகமாட்டேன். கொட்டாயில படுத்துக்கிருவேன். அவளத் தொடமாட்டேன்."

"அவங்க வந்து உங்களத் தொடுவாங்கண்ணே."

அவளுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இவ்வளவு பெரிய மனுஷனை நான் இப்படி உட்கார வைத்துவிட்டேனே என்று இருந்தது. பொய் சொன்னதற்காக அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டு அவளும்தானே ஐந்து நிமிடம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். "தப்பு உங்களோடது இல்ல" என்றாள். "நம்பரப் பாத்து டியூப நீட்டினது நான். பேரக் கேட்டிருக்கணும். கேக்கல." சொல்லி முடித்ததும் மேலே பேசாமல் இன்டர்காமுக்கு நடந்தாள், நின்றால் நின்றுவிடுவோம் என்று பயந்து.

டாக்டர் இளம்பரிதி முதலில் புரிந்துகொள்ளவில்லை, பிறகு புரிந்துகொண்டார். "சிஸ்டர், கீழ எல்லாரும் வந்தாச்சு. பேப்பர்ல பேர் குடுத்தாச்சு. நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் டாக்டர்."

"எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும். உங்க பேர்ல."

"குடுக்கிறேன். ரெண்டு பேருக்கும் புது டியூப் அனுப்புங்க. பேர் எழுதாம அனுப்புங்க, இங்க உள்ள கேட்டு எழுதிக்கிறேன்." பேனாவை உள்ளே விடமாட்டார்களே என்பது சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. விடட்டும், விடாமல் போகட்டும், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். "ஐயாவோட மகனுக்கும் யாராவது போன் பண்ணிச் சொல்லணும் டாக்டர்" என்றாள். ரிசீவரை வைத்தாள். விக்டோரியா நினைவுக்கு வந்தாள், மலைமேல் போய் அவளுக்கு உடம்பு நன்றாகத்தான் தேறியது, கடைசியாகப் பார்த்தபோது கன்னமெல்லாம் வைத்திருந்தாள். இதை ஏன் இத்தனை நாள் நினைக்கவில்லை என்று தெரியவில்லை.

பெரியவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "அப்ப எனக்கு இல்லையா ஆத்தா?" என்றார் மெதுவாக. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எதிர்க் கட்டிலைப் பார்த்ததும் அதை மறைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். "தெரியலைங்கய்யா. மறுபடியும் எடுத்துப் பாக்கணும்" என்றாள். அவளால் அதற்கு மேல் ஒன்றும் தரமுடியவில்லை.

கோட்டைச்சாமியின் போன் அடித்தது. கவிழ்த்து வைத்த போன், கட்டிலின் ரெக்சின்மேல் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு வந்தது. அவர் எடுக்கவில்லை. நின்றது, மறுபடியும் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி அவளிடம் கொடுத்தார். "நீங்களே சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தன்னால் முடியாது என்பதுபோலச் சொன்னார்.

இரண்டு கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருந்தது, பச்சைப் பொத்தானைத் தள்ள மூன்று தடவை ஆயிற்று. ஸ்பீக்கரில் போட்டாள். "யப்பா, கெளம்பிட்டீகளா? வண்டி வந்துருச்சா?" வெயிலில் உட்கார்ந்திருக்கும் குரல், பக்கத்தில் எங்கோ கோழி கத்தியது.

"அம்மாடி, நான் ஆஸ்பத்திரியிலருந்து பேசறேன். நர்ஸ். என் பேர் அமலோற்பவம்." முழுப் பெயரையும் சொன்னாள். "அப்பா நல்லா இருக்காங்க. ஆனா இன்னைக்கு வரமாட்டாங்க. டெஸ்டுக்கு அனுப்புனதுல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அவங்க டியூபும் இன்னொருத்தர் டியூபும் மாறிப்போச்சு. அப்பாவுக்கு இன்னும் இருக்குன்னுதான் தோணுது. மறுபடியும் எடுத்துப் பாத்துட்டுத்தான் அனுப்ப முடியும். உனக்குக் குழந்த பிறக்கும்போது அவங்க பக்கத்துல இல்லாமப் போகலாம். தப்பு என்னோடதும்மா. என்னை எவ்வளவு வேணாலும் திட்டு."

அந்தப் பக்கம் கோழி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. கோட்டைச்சாமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அமலோற்பவம் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள், மனசார அதைத்தான் விரும்பினாள்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நிறைமாசக்காரி மெல்ல எழுந்திருக்கிற மூச்சும் கேட்டது.

"எங்கப்பா சாப்பிட்டாகளா?" என்றாள் நாகஜோதி.

அமலோற்பவம் திரும்பிப் பார்த்தாள். காலையில் வந்த பொட்டலம் ஜன்னல் திட்டில் நூல்கூடப் பிரிக்காமல் இருந்தது.

"இல்லம்மா" என்றாள். "இனிமேத்தான்."